ஒரே வயிற்றில் பிறந்த நான்கு குணங்கள்

மாடிப்படிக்கு அடியிலோ, பழைய சாமான் போட்டுவைத்த அறையிலோ ஒரு பூனை குட்டி போடுகிறது. நான்கு குட்டிகள். நான்கும் குடிப்பது ஒரே தாயின் பால். படுப்பது ஒரே சாக்கு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நாலும் நாலு மாதிரி. ஒன்று, மீன் நறுக்க உட்கார்ந்தால் போதும், அரிவாள்மனைக்கு எதிரே வந்து தானும் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, தட்டு வைத்த ஆள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தின்ன வரும். மூன்றாவது, புதிதாக யார் வந்தாலும் அவர் செருப்பை முகர்ந்து பார்க்காமல் விடாது. நான்காவது, ஆள் நிழல் பட்டாலே மதிலுக்கு அந்தப் பக்கம் குதித்துவிடும்.

தெருவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி. ‘அது சாது’, ‘இது யாரிடமும் ஒட்டாது’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் வைத்திருப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். ஒன்று, ‘பிறவிக் குணம்’. மற்றது, ‘வளர்ப்பு அப்படி’. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்தவற்றுக்குப் பிறவிக் குணம் எப்படி வேறுபடும்? ஒரே இடத்தில் வளர்ந்தவற்றுக்கு வளர்ப்பு எப்படி வேறுபடும்? இரண்டு பதில்களையும் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது, பூனையிடம் நாம் ‘அன்பு’ என்று பெயரிட்டு அழைக்கும் குணத்தையே வேறு விதமாகப் பார்க்கவைக்கிறது.

குணத்தை அளக்க முடியுமா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பூனையின் குணம் என்று நாம் சொல்வது நம் கற்பனையாகக்கூட இருக்கலாம். சோறு போடுகிறவருக்கு அது தங்கமான பூனை. பால் பாத்திரத்தைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே பூனை திருட்டுப் பூனை. பார்ப்பவர் மாறினாலும் மாறாமல் நிற்கும் ஏதாவது பூனையிடம் உண்டா?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையை ஆராய்ந்த பேட்ரிக் பேட்சனும் அவர் குழுவினரும் 1986இல் இதற்கு விடை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் வளர்ந்த பூனைகளை நெடுநாள் பார்த்துப் பழகியவர்கள், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல், ஒவ்வொரு பூனைக்கும் மதிப்பெண் போட்டார்கள். எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு ஒட்டுதல், எவ்வளவு நிதானம் என்று தனித்தனியே மதிப்பெண். அவர்கள் போட்ட மதிப்பெண்கள் பெரிதும் ஒத்துப்போயின. அதோடு விடவில்லை. எந்தப் பூனை எத்தனை முறை நெருங்கி வந்தது, எத்தனை முறை விலகியது என்று எண்ணிப் பார்த்த கணக்கும் அந்த மதிப்பெண்களோடு பொருந்தியது. ஆக, குணம் பார்ப்பவரின் கற்பனை மட்டும் இல்லை. அது பூனையிடம் இருக்கிறது.

2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கார்லா லிட்ச்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2,802 வளர்ப்புப் பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்தபோது, எல்லாப் பூனைகளின் குணமும் ஐந்து அளவுகோல்களுக்குள் அடங்கியது. எவ்வளவு அஞ்சும், எவ்வளவு துருதுருக்கும், மற்ற பூனைகளை எவ்வளவு அடக்கியாளும், எவ்வளவு யோசிக்காமல் பாயும், எவ்வளவு இணங்கிப்போகும் என்பவை அந்த ஐந்து. எந்தப் பூனையும் இவற்றில் ஒன்றை மட்டும் கொண்டதில்லை. ஐந்திலும் கூடவோ குறையவோ ஓர் இடம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. அந்த ஐந்து இடங்களின் கலவையைத்தான் நாம் குணம் என்கிறோம்.

குணம் என்ற சொல்லை இங்கே ஒரு கட்டுப்பாட்டோடு பயன்படுத்துவோம். ஒரு பூனை ஒருநாள் சீறினால் அது குணமாகாது. பசியாக இருக்கலாம், காயமாக இருக்கலாம். நாள் மாறி, இடம் மாறி, ஆள் மாறியும் திரும்பத் திரும்ப வெளிப்படுவது எதுவோ அதுதான் குணம்.

ஒரு ஈற்று, பல தந்தையர்

இனி நம் நான்கு குட்டிகளிடம் வருவோம். அவற்றுக்குத் தாய் ஒன்றுதான், கண்ணால் பார்த்தோம். தந்தை?

பெட்டைப் பூனையின் உடலில் கருமுட்டை வழக்கமாகத் தானாக வெளிவருவதில்லை. இணை சேர்வதுதான் அதை வெளியே வரச்செய்யும் தூண்டுதல். ஒரு முறை சேர்ந்தால் பெரும்பாலும் போதாது. ஆகவே பருவத்தில் இருக்கும் பெட்டை சில நாட்களுக்குள் பல முறை சேர்கிறது. இரவில் நாலைந்து கடுவன்கள் கூடி ஓட்டுமேல் கத்திச் சண்டையிடுவதன் காரணம் இதுதான். ஒரே கடுவன் எல்லாரையும் விரட்டி நிற்க முடிந்தால் எல்லாக் குட்டிகளும் அதனுடையவை. முடியாவிட்டால், ஒரே நேரத்தில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் அமைந்துவிடுவார்கள். இதைப் பல தந்தை ஈற்று என்று அழைக்கலாம்.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? பிரான்சில் லுடோவிக் சே, டொமினிக் பொன்டியே, யூஜீனியா நட்டோலி ஆகியோர் மரபணுச் சோதனை செய்து 1999இல் வெளியிட்ட கணக்கு வியக்கவைப்பது. கிராமப்புறத்தில், பூனைகள் எட்ட எட்ட வாழும் இடங்களில், பல தந்தை ஈற்று 0 முதல் 22 விழுக்காடுதான். லியோன் நகரத்தில், பூனைகள் நெருக்கமாகக் கூடி வாழும் இடத்தில், அது 70 முதல் 83 விழுக்காடு. கூட்டம் அடர்ந்த இடத்தில் ஒரு கடுவனால் ஒரு பெட்டையைத் தனக்கென்று காவல் காக்க முடிவதில்லை.

நெருக்கமான தெருக்களில் வாழும் நம்மூர்ப் பூனைகளுக்கும் இந்தக் காரணம் பொருந்தும். மீன் சந்தையைச் சுற்றியும் உணவுக்கடைகளின் பின்புறத்திலும் கூடி வாழும் பூனைகளில், ஒரே சாக்கில் கிடக்கும் நான்கு குட்டிகளுக்கு இரண்டு மூன்று தந்தையர் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒன்று சாம்பல் வரி, ஒன்று செவலை, ஒன்று கன்னங்கறுப்பு என்று நிறங்கள் கலந்து பிறப்பதற்கு இது ஒரு காரணம். உடன்பிறப்புகள் என்று நாம் நினைப்பவை பல நேரங்களில் பாதி உடன்பிறப்புகள்தான்.

முகம் காணாத தந்தை

நிறம் தந்தை வழி வரும், சரி. நடத்தை வருமா? தமிழ்நாட்டில் வேலியோரம் முளைக்கும் குப்பைமேனிச் செடியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் சில பூனைகள் தேடி வந்து, முகர்ந்து, அதன்மேல் புரளும். அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. மேலை நாடுகளில் கேட்னிப் என்னும் செடி இதே வேலையைச் செய்கிறது. ஆனால் கேட்னிப்பைக் கண்டால் எல்லாப் பூனையும் புரள்வதில்லை. மூன்றில் ஒரு பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. புரளும் தன்மை பரம்பரையாக வருவதை 1962இலேயே நீல் டாட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் காட்டிவிட்டார். ஒரு வாசனைக்கு எப்படி நடந்துகொள்வது என்பதே பரம்பரையில் வரும்போது, மனிதரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதும் வரக்கூடும்.

சுவிட்சர்லாந்தின் டெனிஸ் டர்னர், கேம்பிரிட்ஜ் குழுவினரோடு சேர்ந்து 1986இல் இதை ஆராய்ந்தார். சூரிச்சிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த இரண்டு பூனைக் கூட்டங்களில், மனிதரிடம் நன்றாக ஒட்டும் குட்டிகள் யார், ஒட்டாதவை யார் என்று பிரித்துப் பார்த்தபோது, ஒட்டும் குட்டிகள் குறிப்பிட்ட சில தந்தையரின் வழியில் கூடுதலாக வந்திருந்தன.

இதில் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடுவன் பூனை குட்டி வளர்ப்பதில்லை. அந்த ஆய்விலும் குட்டிகள் தந்தையின் முகத்தையே பார்த்ததில்லை. மனிதரைக் கண்டால் இப்படி நட என்று அது சொல்லிக்கொடுக்க வாய்ப்பே இல்லை. தாய் வழியாக வரும் குணம் என்றால், மரபணுவில் வந்ததா, அவள் நடத்தையைப் பார்த்துக் கற்றதா என்று பிரிக்க முடியாது. தந்தை அந்தச் சிக்கலை நீக்கிவிடுகிறது. அதனிடமிருந்து குட்டிக்கு வந்தது எதுவோ, அது மரபணு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

பழகு பருவம்

அப்படியானால் வளர்ப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது; ஆனால் அது நாம் நினைக்கும் காலத்தில் இல்லை.

பூனைக்குட்டி பிறக்கும்போது கண்ணும் திறந்திராது, காதும் திறந்திராது. ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கிறது. மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கிறது. இந்தக் காலத்தில்தான் அதன் மூளை ஒரு பட்டியல் தயாரிக்கிறது: எவை என் உலகத்தைச் சேர்ந்தவை, எவற்றுக்கு நான் அஞ்ச வேண்டும் என்று. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த சோதனைகள் இந்தக் காலத்தை வரையறுத்தன. மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டிகள், ஏழாம் வாரத்தில் தொடங்கிக் கை பட்ட குட்டிகளைவிட மனிதரிடம் விரைவாக வந்தன, மடியில் நெடுநேரம் இருந்தன. ஏழாம் வாரத்தில் தொடங்கியவை, கையே படாமல் வளர்ந்தவற்றுக்குப் பக்கத்தில்தான் நின்றன. பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையிலான இந்தக் காலத்தைப் பழகு பருவம் என்போம்.

இந்தப் பருவம் குட்டிக்கு எங்கே கழிகிறது என்பதைத் தீர்மானிப்பவள் தாய். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்பது எண்ணிச் சொன்ன கணக்காக இல்லாமல் இருக்கலாம், ஆனால் மாற்றுவது உண்மை. பிடரியைக் கவ்வித் தூக்கியதும் குட்டி கால்களை மடக்கிக்கொண்டு துவண்டு தொங்குகிறது, முரண்டு பிடிப்பதில்லை. இறைவனிடம் உயிர் தன் முயற்சி எதுவும் இல்லாமல் அடைக்கலமாவதை விளக்கத் தென்கலை வைணவர்கள் மார்ச்சால நியாயம் என்று எடுத்துக்காட்டியது இந்தக் காட்சியைத்தான்.

தாய் கவ்விக்கொண்டுபோய் வைக்கும் இடம் சமையலறை ஜன்னலுக்கு அருகில் என்றால், குட்டி பேச்சுக்குரலும் பாத்திரச் சத்தமும் குழந்தைகளின் காலடியும் கேட்டு வளர்கிறது. அது பூட்டிக்கிடக்கும் வீட்டின் பரண் என்றால், மனிதர் என்னும் உயிரைப் பட்டியலில் சேர்க்காமலே அதன் பழகு பருவம் முடிந்துவிடுகிறது. ஒரே ஈற்றிலும்கூட, படியருகே விளையாட வந்து முதலில் ஒரு குழந்தையின் கையில் அகப்பட்ட குட்டிக்கும், பின்னாலேயே ஒதுங்கிக் கிடந்த குட்டிக்கும் அந்த ஐந்து வாரங்கள் ஒரே மாதிரிக் கழிவதில்லை.

நான்கு வகைக் குட்டிகள்

தந்தைக்கும் பங்கு உண்டு, பழகு பருவத்துக்கும் பங்கு உண்டு என்றால், ஒவ்வொன்றும் எதைச் செய்கிறது? இதற்கு மிக அழகான சோதனையைச் செய்தவர் பிரிட்டனைச் சேர்ந்த சாண்ட்ரா மெக்யூன். 1995இல் வெளியான அவருடைய ஆய்வைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு விதக் கடுவன்களை எடுத்துக்கொண்டார். ஒன்று மனிதரிடம் இயல்பாக ஒட்டுவது. மற்றது ஒட்டாதது. இவற்றின் குட்டிகள் இரண்டு பிரிவாயின. பிறகு ஒவ்வொரு பிரிவையும் இரண்டாகப் பிரித்தார். பாதிக் குட்டிகளை இரண்டாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை மனிதர்கள் கூடுதலாகக் கையில் எடுத்துப் பழக்கினார்கள். மீதிப் பாதிக்கு அந்தக் கூடுதல் பழக்கம் இல்லை.

இப்போது நான்கு வகைக் குட்டிகள். ஒட்டும் தந்தை, கைப்பழக்கம் உண்டு. ஒட்டும் தந்தை, கைப்பழக்கம் இல்லை. ஒட்டாத தந்தை, கைப்பழக்கம் உண்டு. ஒட்டாத தந்தை, கைப்பழக்கம் இல்லை. பிறப்பும் வளர்ப்பும் இப்படித் தனித்தனியே பிரிந்து நிற்பது தெருவில் நடக்காது. தெருவில் எல்லாம் கலந்தே இருக்கும். சோதனையின் பலம் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

பிறகு மெக்யூன் காத்திருந்தார். குட்டிகள் வளர்ந்து ஒரு வயது ஆனபின் மூன்று சோதனைகள் வைத்தார். பழகிய ஆள் ஒருவர் முன் பூனை என்ன செய்கிறது, அறிமுகம் இல்லாத ஆள் முன் என்ன செய்கிறது, இதுவரை பார்த்திராத ஒரு பொருள் முன் என்ன செய்கிறது என்பவையே அந்த மூன்று. புதுப் பொருளாக அவர் வைத்தது ஒரு பெட்டி.

முதலில் மனிதர் முன் நடந்தது. சிறுவயதில் கைப்பழக்கம் பெற்ற பூனைகள் விரைவாக நெருங்கின, உடம்பை உரசின, குரல் கொடுத்தன, ஒரு மீட்டர் தொலைவுக்குள்ளேயே கூடுதல் நேரம் இருந்தன. ஒட்டும் தந்தைக்குப் பிறந்த பூனைகளும் அப்படியே செய்தன. இரண்டு காரணங்களும் தனித்தனியே வேலை செய்தன. இரண்டும் வாய்த்த பூனை முன்னால் நின்றது. இரண்டும் வாய்க்காதது பின்னால் நின்றது.

இதோடு நிறுத்தியிருந்தால் முடிவு நாம் எதிர்பார்த்ததுதான்: பிறப்பும் வேண்டும், வளர்ப்பும் வேண்டும். மூன்றாவது சோதனை அதற்கு மேலும் ஒன்றைச் சொன்னது.

பெட்டி சொன்ன விடை

பெட்டிக்கு முகம் இல்லை, கை இல்லை. சோறு போடுவதில்லை, தடவிக் கொடுப்பதில்லை. அதனிடம் அன்பு காட்ட எதுவும் இல்லை.

கைப்பழக்கம் பெற்ற பூனைகளும் பெறாத பூனைகளும் பெட்டி முன்னால் வேறுபடவில்லை. சிறுவயதில் மனிதரோடு பழகியது, மனிதரைச் சந்திக்க மட்டும்தான் உதவியிருக்கிறது. பெட்டியைச் சந்திக்க உதவவில்லை. ஆனால் தந்தை வேறுபட்டால் பூனை வேறுபட்டது. ஒட்டும் தந்தைக்குப் பிறந்தவை விரைவாகப் பெட்டியிடம் போயின, தொட்டன, ஆராய்ந்தன, அதன் பக்கத்திலேயே இருந்தன. ஒட்டாத தந்தைக்குப் பிறந்தவை தயங்கின.

ஆக, தந்தை வழி வந்தது மனிதர் மேலான அன்பு இல்லை. அது புதியது எதையும் போய்ப் பார்க்கும் துணிச்சல். மனிதர் என்றாலும் பெட்டி என்றாலும் அந்தத் துணிச்சலுக்கு ஒன்றுதான். மனிதர் எதிரே வரும்போது அந்தத் துணிச்சல் நமக்கு அன்பாகத் தெரிகிறது.

புது ஊருக்கு மாற்றலாகி வந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாமான் இறக்கும்போதே எதிர்வீட்டுக்காரரிடம் தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்டுவிடுவார். இன்னொருவர் ஒரு மாதம் தலைகுனிந்து போய்வருவார். முதலாமவர் அன்பானவர், இரண்டாமவர் அன்பற்றவர் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. தொடங்குவது ஒருவருக்கு எளிது, மற்றவருக்குக் கடினம்; அவ்வளவுதான் வேறுபாடு. பூனைகளிடமும் அதே வேறுபாட்டைத்தான் மெக்யூனின் பெட்டி காட்டியது.

இதில் நம்பிக்கை தரும் பகுதியும் இருக்கிறது. துணிச்சல் குறைந்த தந்தைக்குப் பிறந்தாலும், பழகு பருவத்தில் மனிதக் கை பட்டால், மனிதரைப் பொறுத்த மட்டில் அந்தக் குட்டி வெகுதூரம் முன்னேறிவிடுகிறது. புதுப் பெட்டி அதை அச்சுறுத்தலாம், மனிதர் அச்சுறுத்துவதில்லை.

களஞ்சியத்துக்கு வந்த துணிச்சல்

துணிச்சல் பூனைக்கு இவ்வளவு முக்கியமானது ஏன் என்பது அதன் வரலாற்றில் இருக்கிறது. வீட்டுப்பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தனித்து வேட்டையாடி வாழ்வது; மனிதரைக் கண்டால் விலகிப்போவது. மனிதர் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கியதும் களஞ்சியத்தைத் தேடி எலிகள் வந்தன, எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு கல்லறையை 2004இல் வெளியான ஆய்வு விவரித்தது. மனிதர் ஒருவரின் எலும்புக்கூட்டுக்கு மிக அருகில் ஒரு பூனையின் எலும்புக்கூடு கிடந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனைகள் இருந்ததில்லை. யாரோ படகில் கூட்டிவந்திருக்கிறார்கள்.

பூனையை மனிதர் தேடிப்போய்ப் பழக்கவில்லை. மனித நடமாட்டத்துக்கு நடுவே எலி பிடிக்க எந்தப் பூனைகள் துணிந்தனவோ அவை பிழைத்தன, பெருகின. 2014இல் வெளியான பூனை மரபணுத்தொகுதி ஆய்வு, காட்டுப்பூனையிலிருந்து வீட்டுப்பூனை மாறிய இடங்களைத் தேடியது. மாறியிருந்தவற்றில் அச்சத்தைக் கற்பதோடும், நினைவாற்றலோடும், கிடைத்த பலனை வைத்துக் கற்றுக்கொள்வதோடும் தொடர்புடைய மரபணுக்கள் இருந்தன. உருவத்தில் வீட்டுப்பூனை இன்றும் காட்டுப்பூனையை ஒத்திருக்கிறது. மாறியதில் பெரும்பங்கு அஞ்சும் அளவுதான்.

வால், கண், குரல்

பூனையின் விநோதப் பழக்கங்கள் என்று நாம் ரசிப்பவற்றையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். ஒரு பூனை நம்மை நோக்கி வரும்போது வாலைக் கம்புபோல் நிமிர்த்திக்கொண்டு வருகிறது. குட்டி தாயிடம் போகும்போது வால் நிமிரும். வளர்ந்த பின்னும் பகையில்லாமல் வருகிறேன் என்பதற்கு அதே அடையாளம். 1990களில் பிரிட்டனில் பூனை உருவத்தை அட்டையில் வெட்டிச் சோதித்தபோது, வால் நிமிர்ந்த அட்டையை நோக்கிப் பூனைகள் விரைவாகப் போயின, தாங்களும் வாலை நிமிர்த்தின.

வால் பேச்சு நெருங்கி வரத் துணிந்த பூனையுடையது. துணியாத பூனைக்குக் கண் பேச்சு இருக்கிறது. எட்ட உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் பூனை சில நேரம் கண்ணை மெல்லச் சுருக்கி, பாதி மூடி, மறுபடி திறக்கும். தூக்கம் என்று நினைத்துக்கொள்வோம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் அப்படிக் கண் சிமிட்டினால் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டின. அறிமுகமில்லாத ஒருவர் மெல்லக் கண் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டியபோது, வெறுமனே கை நீட்டியதைவிட அதிகமாகப் பூனைகள் அருகே வந்தன. தெருப்பூனையிடம் பேச விரும்புகிறவர்களுக்கு இதைவிட மலிவான மொழி கிடையாது.

குரல் இன்னும் சுவையானது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். அது குட்டி தாயிடம் பேசும் பேச்சு. மனிதரோடு வாழும் பூனை அதை நமக்காக வைத்துக்கொள்கிறது. தொண்டையில் எழும் ‘குர்ர்’ ஒலியிலும் இரண்டு வகை உண்டு. 2009இல் இதே மெக்கோம்ப் பதிவுசெய்து காட்டினார். உணவு கேட்கும்போது எழுப்பும் குர்ர் ஒலிக்குள் ஒரு மெல்லிய அழுகை ஒளிந்திருக்கிறது. மனிதக் குழந்தையின் அழுகை எட்டும் அலைவரிசைக்கு அருகே அது ஒலிக்கிறது. பூனை வளர்த்திராதவர்களுக்குக்கூட அந்த ஒலி அவசரமாகக் கேட்டது. காலை ஐந்து மணிக்குத் தலைமாட்டில் கேட்கும் குர்ர் ஒலியை நம்மால் பொருட்படுத்தாமல் இருக்க முடியாததற்குக் காரணம் இது.

நிறத்தில் குணம் உண்டா?

செவலைப் பூனை என்றால் ஒட்டும், மூவண்ணப் பூனை என்றால் முரண்டும் என்று உலகம் முழுவதும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. செவலை நிறத்தைத் தரும் மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரு எக்ஸ். அதில் அந்த மாற்றம் இருந்தால் போதும், முழுச் செவலை. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். இரண்டிலும் இருந்தால்தான் முழுச் செவலை. ஆகவே செவலைப் பூனைகளில் கடுவன்களே அதிகம். மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டை. நிறத்தின் குணம் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, கடுவனுக்கும் பெட்டைக்கும் உள்ள வேறுபாடாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்துக் குணம் சொல்ல உறுதியான சான்று இதுவரை இல்லை. குட்டி தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் நிறத்தைவிட, அது பழகு பருவத்தில் எங்கே இருந்தது என்று விசாரிப்பது பயன் தரும்.

நம் கையில் இருப்பது

இந்த ஆய்வுகள் எல்லாம் பூனையோடு வாழும் வீட்டுக்கு என்ன சொல்கின்றன?

முதலாவது, காலம். வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தால், மூன்றாம் வாரத்திலிருந்து தாய் அனுமதிக்கும் அளவுக்கு ஒவ்வொரு குட்டியையும் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பது, அதன் வாழ்நாள் முழுவதற்கும் உதவும். ஓடி வரும் குட்டியை எல்லோரும் எடுப்பார்கள். மூலையில் கிடக்கும் குட்டிக்குத்தான் அந்தக் கை கூடுதலாகத் தேவை. தந்தை வழியில் குறைந்ததைக் கொஞ்சமாவது ஈடுகட்ட அந்தச் சில வாரங்கள்தான் வாய்ப்பு.

இரண்டாவது, அவசரமாகப் பிரிக்காமல் இருப்பது. தொடுவது வேறு, பிரிப்பது வேறு. ஃபின்லாந்தில் 5,700க்கும் மேற்பட்ட பூனைகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன்பே தாயைவிட்டுப் பிரிந்த பூனைகளிடம் தாக்கும் குணம் கூடுதலாக இருந்தது. பதினான்கு வாரம் வரை தாயோடு இருந்தவை நிதானமாக வளர்ந்தன. கண் திறந்ததும் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவரும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது குட்டிகளில் பலவற்றைக் கொன்றுவிடுகிறது. பிழைப்பவை தாயிடம் கற்க வேண்டியதைக் கற்காமல், மனிதக் கையை நம்பவும் பழகாமல் வளர்கின்றன. பிறகு அவற்றைச் ‘சீறும் பூனை’ என்கிறோம். குட்டிகள் வேண்டாம் என்றால் தாய்க்கு உரிய காலத்தில் கருத்தடை அறுவை செய்வதே நேர்மையான வழி.

மூன்றாவது, தொடக்கத்தைப் பூனையிடம் விட்டுவிடுவது. வீடுகளில் மனிதரும் பூனையும் பழகுவதை டர்னர் பல ஆண்டுகள் கவனித்தார். மனிதர் தொடங்கிய சந்திப்புகள் சீக்கிரம் முடிந்தன. பூனை தொடங்கியவை நெடுநேரம் நீடித்தன. துரத்திப் பிடித்துக் கொஞ்சுவதைவிட, தரையில் உட்கார்ந்து, பார்வையைத் தாழ்த்தி, காத்திருப்பது நல்ல பலன் தரும்.

மெக்யூனின் பெட்டியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. துணிச்சலான பூனை நம் மடியில் ஏறும்போது அதற்கு ஆகும் செலவு குறைவு. பரம்பரையில் துணிச்சல் குறைந்த, பழகு பருவத்தைப் பரணில் கழித்த பூனை நம் தட்டுக்கு அருகே ஓர் அடி எடுத்து வைக்கும்போது, தன் அச்சம் முழுவதையும் எதிர்த்துத்தான் அந்த அடியை வைக்கிறது. தூரத்தை வைத்து அன்பை அளக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அந்தத் தூரத்தைக் கடக்க ஒவ்வொரு பூனையும் எவ்வளவு கடினமான வேலை செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், தெருவில் நாம் இதுவரை கவனிக்காமல் விட்ட பூனைகளே நம் மதிப்புக்கு முதலில் உரியவை.